கடலை மதிப்பிடும் ஏழு கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பில் நீர்க்கோளம் பாடம் நடத்தும்போது சேலம், நாமக்கல் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதானாலும் பேருந்தில் நான்கைந்து மணி நேரமாவது ஆகும். வகுப்பில் பாதிப் பேர் கடலைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள். கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி என்ற சொற்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், அந்தக் கடலில் எந்த இடம் முக்கியமானது, அதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இந்தக் கேள்விக்கு உலக நாடுகள் சேர்ந்து ஒரு வழிமுறையை உருவாக்கி வைத்திருக்கின்றன. அது ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பீட்டு முறை. நம் மன்னார் வளைகுடாவும் அந்த முறையில் மதிப்பிடப்பட்ட கடல்தான். அதையே மூன்று பாடவேளைகளுக்கான செயல்பாடாக மாற்றி வகுப்பில் நடத்தலாம். கடலைப் பற்றிய அறிவோடு, ஆதாரம் பார்த்து மதிப்பிடும் பழக்கமும் மாணவர்களுக்குக் கிடைக்கிறது. என் வகுப்பில் நடத்திய விதத்தையும் அங்கு எழுந்த கேள்விகளையும் இங்கே பகிர்கிறேன்.

கடல் யாருடையது?

முதலில் இதைத் தெளிவாக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் ஆட்சிக்கடல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. எனவே, இது ஏறத்தாழ 22 கி.மீ. தூரம். 200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 370 கி.மீ. வரை அந்த நாட்டின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அங்குள்ள மீன் முதலிய வளங்களில் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. அதற்கு அப்பால் உள்ள பெருங்கடல் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை.

மன்னார் வளைகுடாவில் 200 கடல் மைலுக்கு இடமே இல்லை. எதிர்க்கரையில் இலங்கை இருக்கிறது. அங்கே இரு நாடுகளுக்கும் இடையிலான கடல் எல்லை 1976 ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. ஆனால் ஆமையும் திமிங்கிலமும் இரு பக்கமும் போய்வருகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். கடலைத் திட்டமிட நாடுகள் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டிய தேவை இங்கிருந்துதான் வருகிறது. இதைச் சொல்லாமல் ஏழு கேள்விகளுக்குள் நுழைந்தால், மாணவர்களுக்கு அது இன்னொரு பட்டியலாகத்தான் தோன்றும்.

முத்துப் பாரில் நடந்த பழைய மதிப்பீடு

கடலை மதிப்பிட்டுவிட்டு முடிவெடுப்பது நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பே நல்ல எடுத்துக்காட்டு. கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில், முத்துக்குளிப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பு அதிகாரிகள் குளியாளர்களுடன் பாருக்குப் போவார்கள். சிப்பிகள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன, எந்த வயதில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை விலை மதிப்பார்கள். முன்கூட்டியே குளித்தால் முத்து சிறியதாக இருக்கும். காலம் கடந்தால் சிப்பி இறந்துபோகும். மாதிரியின் மதிப்பு திருப்தியாக இருந்தால்தான் குளிப்பு நடக்கும். பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமலும் போயிருக்கின்றன. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

அந்த மதிப்பீட்டில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாரில் எவ்வளவு பணம் இருக்கிறது? சிப்பியைச் சுற்றி வேறு என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, அவை போனால் திரும்புமா என்பதெல்லாம் அதில் இடம்பெறவில்லை. இன்றைய மதிப்பீடு ஏழு கேள்விகளைக் கேட்கிறது. இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் இரண்டு கட்டங்களாக எழுதிப் போட்டால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏழு கேள்விகள்

1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான உயிரியல் பன்மய உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். இந்த உடன்படிக்கையின் 9-ஆவது மாநாடு 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் கூடியபோது, 'சூழலியல் அல்லது உயிரியல் முக்கியத்துவம் வாய்ந்த கடல் பகுதிகள்' எவை என்று கண்டறிய ஏழு அளவுகோல்கள் ஏற்கப்பட்டன. வகுப்புக்கு ஏற்ப அவற்றைக் கேள்விகளாக மாற்றியிருக்கிறேன்.

1. இங்கு இருப்பது வேறெங்கும் இல்லாததா, அரிதானதா?
2. ஏதேனும் ஓர் உயிரினம் முட்டையிட, குஞ்சு வளர, இரை தேட, வலசை போக இந்த இடத்தை நம்பியிருக்கிறதா?
3. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களோ வாழிடங்களோ இங்கு உள்ளனவா?
4. இந்த இடம் எளிதில் சிதையக்கூடியதா? சிதைந்தால் மீள நீண்ட காலம் ஆகுமா?
5. இங்கு உயிர் உற்பத்தி அதிகமா?
6. இங்கு உயிரின வகைகள் அதிகமா?
7. மனிதர் கைபடாமல் எந்த அளவுக்கு இயற்கையாக இருக்கிறது?

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: அதிகம், நடுத்தரம், குறைவு, தகவல் இல்லை. குறித்த விடைக்குக் காரணமும் ஆதாரமும் எழுத வேண்டும். ஏழையும் கூட்டி மொத்த மதிப்பெண் போடுவதில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் வலுவான ஆதாரத்துடன் 'அதிகம்' கிடைத்தால்கூட அந்த இடம் முக்கியமானதாகக் கருதப்படலாம்.

இந்த அளவுகோல்களைக் கொண்டு உலகின் ஒவ்வொரு கடல் வட்டாரத்துக்கும் அறிவியலாளர்களும் அரசுப் பிரதிநிதிகளும் பயிலரங்குகளில் கூடிப் பகுதிகளை விவரித்தார்கள். வடகிழக்கு இந்தியப் பெருங்கடலுக்கான பயிலரங்கு 2015 மார்ச் மாதம் கொழும்பில் நடந்தது. மன்னார் வளைகுடா, திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு, காலிக்கும் யால தேசியப் பூங்காவுக்கும் இடைப்பட்ட இலங்கையின் தென்கடல், வங்காள விரிகுடாவில் பங்குனி ஆமைகள் வலசை போகும் வழி ஆகியவை அங்கு விவரிக்கப்பட்ட பகுதிகளில் சில. 2016 டிசம்பரில் மெக்சிகோவின் கான்கன் நகரில் நடந்த 13-ஆவது மாநாடு அந்த முடிவுகளைப் பரிசீலித்து ஏற்றது.

முதல் பாடவேளை: வரைபடமும் கேள்விகளும்

ஹைடெக் ஆய்வகத் திரையிலோ சுவர் வரைபடத்திலோ தூத்துக்குடியையும் இராமேஸ்வரத்தையும் மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும். இரண்டுக்கும் இடையே கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் இருந்ததைச் சொல்லி, அவற்றைப் புள்ளியாகக் குறிக்கச் செய்யலாம். பிறகு இந்திய, இலங்கைக் கரைகளுக்கு நடுவே எல்லைக்கோட்டைத் தோராயமாக வரையலாம். ஏழு கேள்விகளையும் எளிய சொற்களில் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சிதைந்தால் மீள நீண்ட காலம் ஆவது எது என்று கேட்டபோது, "கன்னங்குறிச்சி பக்கம் வெட்டுன புளியமரம் சார்" என்றான் ஒரு மாணவன். அவனுக்கு நான்காவது கேள்வி புரிந்துவிட்டது.

இரண்டாம் பாடவேளை: ஆதார அட்டைகள்

வகுப்பை ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் கீழுள்ள பத்து அட்டைகளைக் கொடுக்க வேண்டும். பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதினாலே போதும்.

அட்டை 1: தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்த 560 ச.கி.மீ. பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 ச.கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

அட்டை 2: இங்கு 117 வகைப் பவளப்பாறை உயிரினங்கள் பதிவாகியுள்ளன. தாவரங்களும் விலங்குகளுமாக 3,600-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

அட்டை 3: கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானால், பவள உயிரி தன் உடலில் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் இப்படி நடந்தது.

அட்டை 4: பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. வான் தீவும் அரிப்பால் சுருங்கியது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறை அமைப்புகள் கடலில் இறக்கப்பட்டு அரிப்பு தடுக்கப்படுகிறது.

அட்டை 5: மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு கடற்புல்லை உண்டு வாழ்கிறது. கருவுற்று ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

அட்டை 6: கடற்புல் படுகைகளில் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன.

அட்டை 7: பவளப்பாறை, கடல் அட்டை, கடல்குதிரை ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

அட்டை 8: வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகளின் மேல் படர்ந்திருப்பது 2008-இல் பதிவானது.

அட்டை 9: முதுகுநாணிகளோடு உறவுடைய அரைநாணியான பாலனோகிளாசஸ் குருசடைத் தீவில் காணப்படுகிறது. அந்த வகை ஹவாய் உட்பட வேறு கடல்களிலும் உண்டு.

அட்டை 10: சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் இங்கு பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. கரையில் தூத்துக்குடித் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ளன.

விதிகள் மூன்று. அட்டை எண்ணைக் குறிப்பிடாமல் எந்த விடையும் எழுதக்கூடாது. ஆதார அட்டை இல்லையென்றால் 'தகவல் இல்லை' என்று எழுத வேண்டும். ஏழு விடைகளையும் கூட்டக்கூடாது.

ஐந்தாவது கேள்வியான உயிர் உற்பத்திக்கு வேண்டுமென்றே அட்டை வைக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆறு குழுக்களில் ஐந்து அங்கே 'அதிகம்' என்றே எழுதின. ஏன் என்று கேட்டேன். "அங்கதான் நிறைய மீன் கிடைக்கும்ல சார்" என்றார்கள். எந்த அட்டையில் இருக்கிறது என்றதும் அமைதி. ஒரே ஒரு குழு மட்டும் 'தகவல் இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தக் குழுவில் இருந்த மாணவி, "எழுதறதுக்குப் பயமா இருந்துச்சு சார், மார்க் போயிடும்னு" என்றாள்.

இந்த இடத்தில்தான் செயல்பாட்டின் உயிர் இருக்கிறது. விடை தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, அரை மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்று நாமே சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். ஆனால் கடல் மதிப்பீட்டுப் படிவத்தில் 'தகவல் இல்லை' என்பதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. அந்தக் கட்டத்தை வெட்கப்படாமல் நிரப்பினால்தான், அடுத்து எங்கே ஆய்வு செய்ய வேண்டும் என்பது தெரியும். அங்கே ஊகத்தால் 'குறைவு' என்று எழுதிவிட்டால், ஆய்வே இல்லாமல் அந்த இடம் முக்கியமற்றதாகிவிடும். 'அதிகம்' என்று எழுதிவிட்டால், நாளை ஒரு மீனவர் "எதை வைத்துச் சொன்னீர்கள்?" என்று கேட்கும்போது பதில் இருக்காது. 'தகவல் இல்லை', 'குறைவு' இரண்டும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள்.

பிறகு அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று கேட்கலாம். கடல்நீரில் உள்ள பச்சையத்தைச் செயற்கைக்கோள் மூலம் அளக்க முடியும். பச்சையம் அதிகமானால் மிதவைத் தாவரங்கள் அதிகம், அவற்றைத் தின்னும் உயிர்களும் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் பச்சையத்தையும் கடல்பரப்பின் வெப்பநிலையையும் கொண்டு, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை மீனவர்களுக்கு அறிவித்துவருகிறது. அந்த மையத்தின் வரைபடத்தைத் திரையில் காட்டினால், ஐந்தாவது கேள்விக்கான ஆதாரம் எப்படி உருவாகிறது என்பது புரிந்துவிடும்.

குழுக்களுக்குள் கருத்து மாறுபடும் இடங்களும் உண்டு. பாலனோகிளாசஸை வைத்து முதல் கேள்விக்கு 'அதிகம்' தரலாமா? இந்தியாவில் அரிது, உலகில் அரிதல்ல. எந்த எல்லைக்குள் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஏழாவது கேள்வியில் எட்டாவது, பத்தாவது அட்டைகளைப் பார்த்த குழுக்கள் 'குறைவு' என்று எழுதின. "அப்போ இந்தக் கடல் ஃபெயிலா சார்?" என்று ஒருவன் கேட்டான். இல்லை. இயற்கைத் தன்மை குறைந்திருப்பதும், நான்காவது கேள்விக்கு 'அதிகம்' வருவதும் சேர்ந்துதான் அந்தக் கடலின் உண்மை நிலையைச் சொல்கின்றன. கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டும் மறைந்துவிடும்.

மூன்றாம் பாடவேளை: மதிப்பீடு வேறு, முடிவு வேறு

ஏழு கேள்விகளையும் முடித்தவுடன் மாணவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி இதுதான்: "அப்போ அங்க மீன் பிடிக்கக் கூடாதா? கப்பல் போகக் கூடாதா?" உடன்படிக்கையின் பதில் தெளிவானது. ஒரு பகுதியை முக்கியமானது என்று விவரிப்பது அறிவியல் பணி. அங்கு என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று முடிவெடுப்பது அந்தந்த நாடுகளின், உரிய பன்னாட்டு அமைப்புகளின் பொறுப்பு. விவரித்ததாலேயே தடை வந்துவிடாது. கடல் எல்லை பற்றிய உரிமையும் மாறாது.

இதை எங்கள் வகுப்பில் என்னைவிட நன்றாக விளக்கியவன் கொலுசுப் பட்டறை வீட்டுப் பையன். "வெள்ளி எத்தனை டச்னு ஒருத்தர் பாத்துச் சொல்லுவாரு சார். அதை வாங்கறதா, உருக்கறதா, கொலுசு பண்றதான்னு முதலாளிதான் முடிவு பண்ணுவாரு. ஆனா டச் பாக்காம யாரும் விலை பேச மாட்டாங்க" என்றான். மதிப்பீட்டுக்கும் முடிவுக்கும் உள்ள உறவு முழுவதும் இதில் அடங்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை.

மதிப்பீட்டுக்குப் பின் முடிவு எப்படி வரலாம் என்பதற்கு மூன்று நிகழ்வுகளைச் சொல்லலாம்.

முதலாவது, இலங்கையின் தென்கடல். கொழும்புப் பயிலரங்கு விவரித்த இந்தப் பகுதியில் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுகின்றன. உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றும் அதே இடத்தில்தான் செல்கிறது. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் இறப்பதை ஆய்வாளர்கள் தொடர்ந்து எடுத்துக்காட்டினார்கள். 2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தானாக முன்வந்து தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளிச் செல்லுமாறு பாதையை மாற்றிக்கொண்டது. கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை. கொஞ்சம் விலகிப் போகிறது.

இரண்டாவது, நம் பாக் விரிகுடா. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையை ஒட்டி 448 ச.கி.மீ. கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கான முதல் பாதுகாப்பகம் இது. அங்கு கடற்புல் படுகைகள் எங்கே உள்ளன என்று தெரிந்ததால்தான் வரைபடத்தில் கோடு போட முடிந்தது. கடல்பசு எங்கே தென்பட்டது என்ற தகவலைத் தருபவர்களில் மீனவர்கள் முக்கியமானவர்கள். வலையில் சிக்கிய கடல்பசுவை உயிருடன் கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளிக்கிறது. ஆதாரம் ஆய்வகத்தில் மட்டும் உருவாவதில்லை என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, கடல் அட்டை. 2001-இல் வந்த தடையால் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் கடல் அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் தொழிலை இழந்தன. எதிர்க்கரையான இலங்கையில் அனுமதியுடன் எடுக்கிறார்கள், வளர்க்கவும் செய்கிறார்கள். தடையை நீக்க வேண்டும் என்று நம் மீனவர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள். மெதுவாக வளரும் உயிரினம் மீண்டும் அள்ளப்பட்டால் மிஞ்சாது என்பது மறுபக்கத்தின் கவலை. ஒரே கடலின் இரு கரைகளில் இரு முடிவுகள். இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படுவது நம்பகமான கணக்கெடுப்பு.

இந்த மூன்றாவது நிகழ்வைக் கொண்டு ஒரு சபை நடத்தலாம். மீனவர், வனத்துறை அலுவலர், ஆய்வாளர், மீன்வளத்துறை அலுவலர், இலங்கை மீனவர் எனப் பொறுப்புகளைப் பிரித்துக்கொடுங்கள். ஒவ்வொருவரும் பேசத் தொடங்கும்போது, தான் சொல்வது மதிப்பீடா, முடிவா என்று முதலில் அறிவிக்க வேண்டும் என்பது மட்டும் விதி. "நாங்க பட்டினி கிடக்கறோம்" என்று மீனவராக நடித்த மாணவி சொன்னதும், இது எந்தக் கட்டத்தில் வரும் என்று ஒரு விவாதம் வந்தது. ஏழு கேள்விகளில் மனிதரின் பிழைப்பு இல்லை என்பதை அவர்களே கவனித்தார்கள். அது முடிவெடுக்கும் மேசையில் கட்டாயம் வைக்கப்பட வேண்டிய தகவல் என்று எழுதி, எட்டாவதாகத் தனித் தாளில் ஒட்டினார்கள்.

நம் ஊர் ஏரியில் ஏழு கேள்விகள்

வீட்டுச் செயல்திட்டமாக இதே படிவத்தை நம் நீர்நிலைகளுக்குப் பயன்படுத்தலாம். எங்கள் மாணவர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி பக்கத்தில் இருக்கிறது. ஏரிக்குள் மண்ணால் அமைத்த திட்டுகளில் மரங்கள் வளர்ந்து பறவைகள் தங்குகின்றன. அங்கு ஏழாவது கேள்விக்கு என்ன விடை? மனிதர் உருவாக்கிய திட்டில் பறவை கூடு கட்டினால் அது இயற்கையா? ஒரு வாரம் காலையில் பெற்றோருடன் போய்ப் பார்த்து எழுதுவதற்கு இது நல்ல கேள்வி. நாமக்கல் பகுதி ஆசிரியர்கள் தங்கள் ஊர் ஏரியையோ காவிரிக் கரையையோ எடுத்துக்கொள்ளலாம்.

திருமணிமுத்தாற்றையும் விட்டுவிடக் கூடாது. சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகருக்குள் ஓடி, சாக்கடையையும் சாயக்கழிவையும் ஏற்றுக்கொண்டு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. கடலோர மாணவர் எழுதும் மதிப்பீட்டில் ஏழாவது கட்டத்தை மாற்றும் வலிமை நம் தெருச் சாக்கடைக்கும் உண்டு. கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் மாணவருக்கு இந்த வரைபடமே பதில்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏழு கேள்விகள் அதிகம். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் மூன்று கேள்விகள் போதும். இங்கே யார் யார் குடியிருக்கிறார்கள்? இது இல்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? இதுபோல இன்னொன்று வளர எத்தனை ஆண்டு ஆகும்? 'பார்த்தேன்', 'கேட்டேன்', 'தெரியவில்லை' என்ற மூன்று அட்டைகளில் ஒன்றைக் காட்டிவிட்டுப் பதில் சொல்லச் செய்யுங்கள்.

மாணவரை மதிப்பிடுவது

வளரறி மதிப்பீடு 'அ' பகுதிக்கான செயல்பாடாக இதை எடுத்துக்கொள்ளலாம். பத்து மதிப்பெண்களை நான் இப்படிப் பிரித்தேன். விடைக்கு உரிய ஆதார அட்டையைச் சரியாகச் சுட்டியதற்கு 4. காரணத்தைத் தன் சொற்களில் எழுதியதற்கு 3. ஆதாரம் இல்லாத இடத்தில் 'தகவல் இல்லை' என்று எழுதி, அதை எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு வழி சொன்னதற்கு 3. கடைசி 3 மதிப்பெண்கள் இருப்பது தெரிந்ததும் அடுத்த முறை படிவங்களில் அந்தக் கட்டம் தாராளமாக நிரம்பியது. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அட்டையில் ஆதாரம் இருந்தும் சோம்பலாகத் 'தகவல் இல்லை' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

இந்தக் கணக்குகள் இனிமேல் அதிகம் தேவைப்படும். 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் குறைந்தது 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் நாடுகள் இலக்கு வைத்தன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலின் உயிர்வளங்களுக்கான ஒப்பந்தம் 2023 ஜூன் மாதம் ஐ.நா.வில் ஏற்கப்பட்டது. இந்தியா 2024 செப்டம்பரில் அதில் கையெழுத்திட்டது. எந்த 30 விழுக்காடு, யாருடைய பிழைப்பைப் பாதித்து, எந்த ஆதாரத்தின்பேரில் என்ற கேள்விகளுக்கு விடை காணும் வயதில் நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலர் அலுவலர்களாகவும், சிலர் ஆய்வாளர்களாகவும், எல்லாரும் வாக்காளர்களாகவும் இருப்பார்கள்.

அட்டைகளைத் தயாரிக்க ஒரு மாலை வேளை போதும். உங்கள் மாவட்டத்துக்கு ஏற்ப அட்டைகளை மாற்றிக்கொள்ளுங்கள். கடலோர மாவட்ட ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாணவர்கள் அப்பா, தாத்தாவிடம் கேட்டு எழுதும் தகவல்களை எங்களுக்கும் அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகளின் படிவங்களில் இன்னும் நிரம்பாமல் இருக்கும் கட்டங்களுக்கு அவை உதவும்.